ஏ பிளாக், பி பிளாக்: மேட்ச் நடக்கட்டும்

(பொங்கல் விளையாட்டு விழா குறித்து நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் வாசித்துவிட்டு, வரும் பொதுக்குழுவில் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காக வெளியிடுகிறோம்.)



விஷயம் சின்னதுதான். பொங்கலுக்கு நாம் நடத்தும் ஏ பிளாக் – பி பிளாக் கிரிக்கெட் மேட்ச் இந்த முறை வேண்டுமா, வேண்டாமா? கமிட்டி முன்னால் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, மேட்ச்சையே நிறுத்திவிடுவது. இன்னொன்று, பிளாக் பார்க்காமல் சீட்டுக் குலுக்கி இரண்டு டீமாகப் பிரிப்பது. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். ஏ பிளாக் ஏ பிளாக்காகவும், பி பிளாக் பி பிளாக்காகவும் மோதட்டும். ஆனால் சில நிபந்தனைகளோடு.

போன பொங்கலுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட். பத்து நிமிஷம் சத்தம். அது மைதானத்தோடு போயிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இல்லை. அன்று ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில், "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு இவ்வளவு வாய் எதுக்கு?" என்று ஒரு வரி வந்தது. பி பிளாக்கில் பாதிக்கு மேல் வாடகை வீடுகள். மறுநாள் காலையில் பிள்ளைகள் வழக்கம்போல ஒன்றாக ஸ்கூல் வேனுக்கு நின்றார்கள். கொண்டுவிட வந்த பெரியவர்கள்தான் கேட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் பேரும் அந்தப் பக்கம் கொஞ்சம் பேருமாக நின்றோம்.

அந்த ஒரு வரிதான் தப்பு. மேட்ச் என்ன தப்பு செய்தது?

முதலில், ஒரே ஊருக்குள் இருக்கும் இரண்டு டீமுக்கு நடுவில் வரும் போட்டி எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2023 ஜூலை 12-ஆம் தேதி நம்ம சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். இறுதிப் போட்டி. நெல்லை ராயல் கிங்ஸும் கோவை கிங்ஸும் மோதின. நம்ம ஊரில் வைத்தே 104 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். வருத்தம்தான். ஆனால் இரண்டு நாளில் ஆறிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் யாரும் மறுநாள் காலையில் நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லையே! பி பிளாக்கிடம் தோற்றால் அப்படி இல்லை. பால் வாங்க இறங்கும்போதே லிஃப்ட்டில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, கப்பு எங்க வீட்டு ஷோகேஸ்லதான் இருக்கு, வந்து பாத்துட்டுப் போங்க" என்பார். அது ஒரு வருஷத்துக்கு ஆறாது.

உள்ளூர்ப் போட்டியின் ருசியும் அதுதான், ஆபத்தும் அதுதான். தூரத்து எதிரியைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். பக்கத்து வீட்டு எதிரியை மறுநாள் காலையில் பார்த்தாக வேண்டும். அவர் வீட்டுச் சாவி நம் வீட்டில் இருக்கும். நம் வீட்டு மாவு அவர் வீட்டு கிரைண்டரில் ஓடிக்கொண்டிருக்கும்.

உலகம் முழுக்க இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம், நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். சிகாகோ நகரத்தில் வடக்கே ஒரு டீம், கப்ஸ். தெற்கே ஒரு டீம், ஒயிட் சாக்ஸ். இரண்டு மைதானத்துக்கும் ஒரே ரயில் பாதையில் போகலாம். 1906-இல் இரண்டு டீமும் உலகத் தொடர் என்று அவர்கள் சொல்லும் இறுதித் தொடரில் மோதின. அந்த வருஷம் கப்ஸ் 116 ஆட்டங்களில் ஜெயித்து வந்த டீம். ஒயிட் சாக்ஸ் அடிக்கவே தெரியாத டீம் என்று கேலிக்கு ஆளானது. ஜெயித்தது ஒயிட் சாக்ஸ், நாலுக்கு இரண்டு என்ற கணக்கில். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த இறுதித் தொடரில் இரண்டும் சந்தித்ததில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் தெற்கு சிகாகோக்காரர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த டீமில் ஆடிய ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் அது "நாம ஜெயிச்ச" தொடர். இந்த "நாம" என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தமிழ் பேசும் ஊரிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி என்று இரண்டு பழைய பள்ளிகள். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் படிப்பது பள்ளிப் பிள்ளைகள்தான். ஒன்று கோட்டைக்குப் பக்கம், இன்னொன்று சுண்டுக்குளியில். ஒரே பட்டணம். 1904-இல் தொடங்கி இந்த இரண்டு பள்ளிக்கும் கிரிக்கெட் நடக்கிறது. மார்ச் மாதத்தில் மூன்று நாள், டெஸ்ட் மேட்ச் மாதிரி இரண்டு இன்னிங்ஸ். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "வடக்கின் பெரும் போர்". 2024 ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் டீமுக்குச் சுழற்பந்து போட்ட விஜயகாந்த் வியாஸ்காந்த் ஞாபகம் இருக்கிறதா? அவர் யாழ். மத்திய கல்லூரிப் பிள்ளை.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். "போர்". நிஜமான போரைப் பார்த்த ஊர் அது. 1995 கடைசியில் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தது. போர்க்காலத்தில் சில வருஷங்கள் இந்த மேட்ச்சும் தடைப்பட்டது. பிள்ளைகள் கொழும்புக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் சிதறினார்கள். அத்தனை இழப்பைப் பார்த்த ஊர், இனி யாரும் யாரோடும் மோத வேண்டாம், இந்தப் பெயரும் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மேட்ச்சைத் திரும்ப நடத்தினார்கள், பெயரையும் வைத்துக்கொண்டார்கள். கொடியும் வாத்தியமுமாக இன்றைக்கும் நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களும் ஸ்கோர் கேட்கிறார்கள். அந்தப் போரில் தோற்றவன் மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். அடுத்த மார்ச்சில் திரும்ப வரலாம். எந்தச் சண்டையில் மறுநாள் இருக்கிறது, எதில் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது.

போட்டி என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கல்கத்தாவைப் பாருங்கள். கால்பந்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் 1889-இல் தொடங்கிய கிளப். கிழக்கு வங்கத்து ஆட்டக்காரர் ஒருவரை ஒரு மேட்ச்சில் ஒதுக்கிவைத்தார்கள் என்ற கோபத்தில் 1920-இல் பிறந்தது ஈஸ்ட் பெங்கால். பிறகு நாடு பிரிந்தது. கிழக்கே இருந்து வீடு வாசல் விட்டு ஓடிவந்தவர்களுக்கு அந்தக் கிளப்தான் சொந்த ஊர் மாதிரி ஆனது. மோகன் பகான் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இவர்கள் வீட்டில் இலிஷ் மீன் என்று அந்த ஊர் மார்க்கெட்டுக்கே தெரியும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே ஊரில், 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, ஈடன் கார்டன் மைதானத்தில் இந்த இரண்டு டீமும் ஆடும்போது ஆட்டக்காரர்களுக்குள் உரசல் வந்தது. அது கேலரிக்கு ஏறியது. கைகலப்பு, கல்வீச்சு, நெரிசல். 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். மேட்ச் பார்க்கப் போன பிள்ளைகள்.

அந்த ஊர் அதை மறக்கவில்லை. ஆகஸ்ட் 16 அங்கே கால்பந்து ரசிகர்கள் நாள். ரத்த தானம் செய்கிறார்கள். இரண்டு டீமின் மேட்ச்சும் நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்ட கொடுமை நடந்த நேரம். அந்த மாதம் 18-ஆம் தேதி நடக்க இருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் மேட்ச்சைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். மேட்ச் இல்லாத மைதானத்தின் வாசலுக்கு இரண்டு டீமின் ரசிகர்களும் அவரவர் ஜெர்சியோடு வந்து நின்றார்கள், அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டு. ஒரு டீம்காரர் இன்னொரு டீம்காரரைத் தோளில் தூக்கி வைத்திருந்த படத்தை நாடே பார்த்தது. நூறு வருஷமாக ஒருவரை ஒருவர் கேலி செய்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும். அதனால்தான் கூப்பிட்ட மாத்திரத்தில் ஒன்றாக நிற்க முடிந்தது.

ஒரே ஊர், ஒரே இரண்டு டீம். ஒரு நாள் 16 உயிர் போகிறது. இன்னொரு நாள் தோளில் தூக்குகிறார்கள். எங்கே வித்தியாசம்?

இதற்கு என் பதிலை நம்ம ஜில்லாவிலிருந்தே சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விசில் ஊதியவன் நான். ஸ்போர்ட்ஸ் டேக்குச் சிவப்பு ஹவுஸ், பச்சை ஹவுஸ், நீல ஹவுஸ், மஞ்சள் ஹவுஸ் என்று பிரித்தால் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். சாயந்தரம் ஒரே சைக்கிளில் இரண்டு ஹவுஸ் போகும். அதே பிள்ளைகளின் மணிக்கட்டில் இன்னொரு நிறமும் இருந்தது. அது என்ன கயிறு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினத்து மாணவனை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசாங்கம் நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

ஹவுஸ் பனியனும் நிறம்தான், கயிறும் நிறம்தான். பனியனைச் சாயந்தரம் கழற்றி வாளியில் ஊறப்போடலாம். அடுத்த வருஷம் சிவப்பு ஹவுஸ் பையன் பச்சைக்கு மாறலாம். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கயிறு அப்படி இல்லை. அது பிறக்கும்போதே கட்டியது என்று சொல்கிறவர்கள் கட்டுவது. அதில் பக்கம் மாற வழியில்லை, மேட்ச் முடியும் நேரம் என்று ஒன்றும் இல்லை. கழற்ற முடிகிற நிறத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். கழற்ற முடியாத ஒன்று அதற்குள் நுழைந்துவிட்டால் அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை.

இப்போது அந்த வாட்ஸ்அப் வரியை மறுபடி யோசித்துப் பாருங்கள். "உனக்கு ஓடத் தெரியலை" என்று எழுதியிருந்தால் அது மேட்ச் பேச்சு. "நீ வாடகைக்காரன்" என்பது அந்தக் குடும்பத்தின் சம்பளத்தை, கடனை, ஊரை, நாளைக்கு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தை, எல்லாவற்றையும் மைதானத்துக்குள் இழுத்துப்போட்ட பேச்சு. ரன் அவுட்டுக்கு அடுத்த வருஷம் பதில் சொல்லலாம். இதற்கு அவர் எந்த மைதானத்தில் பதில் சொல்வார்?

நம்ம பிளாக் கதையில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. இங்கே யாரும் ஏ பிளாக்காகப் பிறக்கவில்லை. மில்லில் வேலை பார்த்தவர், மின்வாரியத்தில் இருந்தவர், வாத்தியார், வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர் என்று பல ஊரிலிருந்து வந்தவர்கள்தான் எல்லோரும். ஏ பிளாக்கில் மூன்று வருஷம் இருந்த தம்பி ஒருவர் பி பிளாக்கில் கொஞ்சம் பெரிய வீடு காலியாகிறது என்று அங்கே குடிபோனார். அடுத்த பொங்கலுக்கு பி பிளாக்குக்கு ஓப்பனிங் இறங்கி எங்கள் பந்தையே வெளுத்து வாங்கினார். "துரோகி" என்று கத்தினோம். அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். கழற்றி மாட்ட முடிகிற நிறம் என்றால் இதுதான்.

அதனால்தான் சீட்டுக் குலுக்கும் யோசனைக்கு நான் சம்மதிக்கவில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் குலுக்கிப் போட்ட டீமுக்கு யார் கத்துவார்கள்? பால்கனியில் நின்று விசிலடிக்கும் ஆச்சி எந்த டீமுக்கு விசிலடிப்பார்? ஆற்றுக்கு இந்தக் கரை அம்பாசமுத்திரம், அந்தக் கரை கல்லிடைக்குறிச்சி. நடுவில் தாமிரபரணியும் ஒரு பாலமும்தான். அப்பளம் என்றால் கல்லிடைக்குறிச்சி என்று அந்தக் கரைக்காரர் மார் தட்டுவார். இரண்டு ஊரையும் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டால் சண்டை தீரும் என்று யாராவது சொல்வார்களா? சண்டையோடு சேர்ந்து அப்பளத்தின் பெருமையும் போய்விடும்.

மேட்ச்சை நிறுத்தினால் இன்னொன்றும் நடக்கும். ஏ பிளாக், பி பிளாக் என்ற பேச்சு போய்விடாது. அது தண்ணீர் மோட்டாருக்கும், பார்க்கிங்குக்கும், மெயின்டனன்ஸ் பாக்கிக்கும் போய்ச் சேரும். பத்து ஓவரில் முடிய வேண்டியது வருஷம் முழுக்க ஓடும். சத்தம் போடவும் ஜெயிக்கவும் தோற்கவும் ஒரு நாள், ஒரு இடம் என்று இருப்பதுதான் நல்லது.

சரி, நிபந்தனைகள். மூன்றே மூன்று.

ஒன்று. மேட்ச் மைதானத்தில் தொடங்கி மைதானத்தில் முடிய வேண்டும். அம்பயர் இரண்டு பேரும் வெளி ஆட்களாக இருக்கட்டும். பக்கத்துப் பள்ளி விளையாட்டு ஆசிரியர்களைக் கேட்டால் ஒரு சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் விரலைத் தூக்கினால் தூக்கியதுதான். அன்று மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடலாம். கேலி செய்ய ஆசைப்பட்டால் நேரில் வந்து செய்யுங்கள். முகத்தைப் பார்த்துச் செய்யும் கேலிக்குத் தானாக ஒரு அளவு வந்துவிடும்.

இரண்டு. கேலிக்கு எல்லைக்கோடு. விட்ட கேட்ச், போட்ட ஒயிடு, ஓடும்போது குலுங்கும் தொப்பை, போன வருஷத்து டக் அவுட், எல்லாவற்றையும் பேசலாம். என் தொப்பையில் தொடங்குங்கள், எனக்கு வருத்தமில்லை. சொந்த வீடா வாடகையா, எந்த ஊர், என்ன சாதி, என்ன சாமி, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், இவை கோட்டுக்கு வெளியே. கோட்டைத் தாண்டுகிறவர் எந்த பிளாக்காக இருந்தாலும், எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும், அடுத்த வருஷம் பார்வையாளர்தான். இதை அவருடைய சொந்த பிளாக்கின் கேப்டனே சொல்ல வேண்டும். எதிர் பிளாக் சொன்னால் அது இன்னொரு சண்டை.

மூன்று. பக்கம் மாறும் வாசலைத் திறந்து வையுங்கள். மேட்ச்சுக்கு முந்தின வாரம் வரை யார் வேண்டுமானாலும் எதிர் பிளாக்குக்கு ஆடப் பெயர் கொடுக்கலாம். பிள்ளைகளும் பெண்களும் அவரவர் சிநேகிதர் இருக்கும் டீமில் ஆடட்டும். மேட்ச் முடிந்தபின் சாப்பாடு. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி வைப்பார்கள். நேற்றுவரை ஆளுக்கொரு பக்கம் இருந்த இரண்டு வீடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அது. மேட்ச்சன்றும் சொதி வைப்போம். பரிமாறுவது ஜெயித்த பிளாக். கப்பைக் கையில் வைத்துக்கொண்டே வாளியைத் தூக்க முடியாது. கப்பைக் கீழே வைத்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வார்த்தை. அந்த வரியை எழுதியவர் யார் என்று யாரும் தேட வேண்டாம். அவர் நம்மில் ஒருவர். அந்த வரியால் வருத்தப்பட்டு, இந்த முறை ஆட வரமாட்டோம் என்று சொல்லியிருக்கும் வீடுகள் பி பிளாக்கில் இருக்கின்றன. நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அவர்கள் வரமாட்டார்கள். ஏ பிளாக்கில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க ஆடலைன்னா எங்களுக்கு ஜெயிச்ச மாதிரியே இருக்காது, வாங்க" என்று கூப்பிட வேண்டும். நான் இரண்டாவது மாடிக்குப் போகிறேன். மற்ற மாடிகளுக்கு யார் யார் போகிறீர்கள் என்று பொதுக்குழுவுக்கு முன்னால் செயலாளர் அக்காவிடம் பெயர் கொடுங்கள்.

அப்புறம் மைதானத்தில் சந்திப்போம். கப்பு இந்த வருஷம் ஏ பிளாக்குக்குத்தான்.